நிகர எடை

பகாவ் ஆலையின் எடைமேடையில்
பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.
செம்பனைக் குலையோடு லோரி உள்ளே வரும்: ஒரு எண்.
கொட்டிவிட்டு வெளியே போகும்: இன்னோர் எண்.
கழித்தால் மிஞ்சுவதற்குத்தான் காசு.

டிரைவர்களின் தந்திரம் எனக்கு அத்துபடி.
வரும்போது தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும்,
போகும்போது வழிநெடுக ஈரம்.
மழை நாளில் டயரில் அப்பிய சேறும்
பழம் என்று பொய் சொல்லும்.
சன்னலைத் தட்டி
"கழுவிட்டு வாங்கண்ணே" என்பேன்.

அப்படிப்பட்ட நான்
தாமான் வீட்டுக்குக் கடன் கேட்கப் போன பேங்கில்
'சொத்து' கட்டத்தையும் 'கடன்' கட்டத்தையும்
வெறுமையாக விட்டுக்
கையெழுத்து மட்டும் போட்டேன்.
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த நூர் ஆஸிக்கின்
பாரத்தைத் திருப்பித் தந்தாள்.
அவசரமில்லை, வீட்டில் எழுதி வாருங்கள் என்று
மெதுவான மலாயில் சொன்னாள்.

ஞாயிறு இரவு.
மகளின் பயிற்சிப் புத்தகத்தில் நடுத்தாளைக் கிழித்து
மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தேன்.
குணசேகரன் எதிரே வந்து உட்கார்ந்தார்,
குலை வெட்டிய தோளில் தைலம் மணக்க.

மோட்டார் சைக்கிளை விற்றால் ஆயிரத்து அறுநூறு.
கூத்து ஏழு மாதம் கட்டியாயிற்று,
இன்னும் எடுக்கவில்லை, ஆயிரத்து நானூறு.
அடகுக்கடையில் தூங்கும் சங்கிலியை
எந்தப் பக்கம் எழுதுவது என்று கால்மணி நேரம் தகராறு.
கடைசியில் இரண்டு பக்கமும் எழுதினோம்:
இங்கே ஆயிரத்து எண்ணூறு, அங்கே தொள்ளாயிரம்.
என் தம்பி தேவேந்திரன் வாங்கிப்போன ஆயிரத்து இருநூறை
எழுதி, பேனா மூடியைக் கடித்து, அடித்தேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அது பெரிய உபகாரம்.

அந்தப் பக்கம் மோட்டார் தவணை பாக்கி மூவாயிரத்து இருநூறு,
சோபாவும் ஐஸ்பெட்டியும் ஆயிரத்துத் தொள்ளாயிரம்,
ஆ சூன் மளிகையில் முந்நூற்றுப் பத்து.
கழித்தேன்.
ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்து குறைவு.
நிறைவண்டியைவிட வெறும் வண்டி கனம்.
என் மேடையில் இப்படி ஒரு லோரி ஏறியதே இல்லை.

பிறகு மாதச் செலவு.
எப்படிக் கூட்டினாலும்
அறுபது வெள்ளி எங்கோ ஒழுகுகிறது.
அவர் கூரையைப் பார்த்தார். காற்றாடியைப் பார்த்தார்.
"நாலு நம்பர்" என்றார்.
புதன், சனி, ஞாயிறு. ஐந்தைந்து வெள்ளி.
எந்த நம்பர்?
"நீதான் சோறு போடும்போது சொல்லுவியே,
இன்னிக்கு எந்த லோரி சண்டை பிடிச்சதுன்னு."

மூன்று வருஷம் என் வாயாலேயே.
அடித்ததா?
"ஒரே தடவை, ஆறுதல் பரிசு.
அன்னிக்குத்தான் நாட்டுக்கோழி வாங்கிட்டு வந்தேன்."

திட்ட வாயெடுத்தேன்.
ஆனால் சேறு என் சக்கரத்திலும் இருந்தது.
எழுந்து போய்
பழைய எடைச்சீட்டுக் கட்டுக்கு நடுவிலிருந்து
பேங்க் புத்தகத்தை எடுத்து வந்து வைத்தேன்.
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
ஒருநாள் கோபத்தில் பஸ் ஏறுவதற்கென்று
சேர்க்கத் தொடங்கியது.
கோபம் எதற்கென்று மறந்துவிட்டது,
கட்டுவது மட்டும் மறக்கவில்லை.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
எண்ணை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

எண்ணூற்று முப்பது, கூடுதல்.
இவ்வளவுதான் நாங்கள்.
சேமநிதியைச் சேர்க்கவில்லை,
அது வயதான எங்களுடையது.

டிசம்பருக்கு ஒரு தாள்.
மழை, குலை குறையும்,
அவர் சம்பளத்தை
ஆயிரத்து எழுநூறு என்றே எழுதினேன்.
நாலு நம்பர் வரியில் அவர் இருபது கேட்டார்.
பத்து போட்டேன்.
பேனாவை வாங்கி
'பஸ்' என்று ஒரு வரி அவரே சேர்த்து,
எதிரே தொகையை எழுதாமல் என்னிடம் தந்தார்.

திங்கள் காலை முதல் லோரி டயர் முழுக்கச் சேறு.
இரவு சோறு போடும்போது
டிரைவர் பெயரை மட்டும் சொன்னேன்.